காற்றில் நின்ற கூரை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

ஓய்வு பெற்றுப் போனவர் நாலு அனுபவம் எழுதித் தரட்டும் என்று கேட்டீர்கள். டோமை எப்படி விரிப்பது, எப்படி மடிப்பது, புரொஜெக்டர் கண்ணாடியை எதனால் துடைப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது ஒரு கிழமையில் கைக்குப் பழகிவிடும். பழகாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தாலும் பழகாது. கை பழகி, வாயும் பழகி, இனி எல்லாம் தெரியும் என்று நிமிர்ந்து நிற்கும்போது ஒரு நாள் வரும் பாருங்கள், அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாலு அனுபவம் கேட்டீர்கள். ஒன்றுதான் தருகிறேன். மற்ற மூன்றும் இதற்கு முன்னால் நிற்காது.

உங்கள் வீட்டுக்காரர் யாராவது இதை எடுத்துப் படித்தால் விளங்க வேண்டுமல்லவா? அதற்காகச் சொல்கிறேன். நம்முடையது நடமாடும் கோள்மண்டலம். கண்டியிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். பெரிய கறுப்புத் துணிதான் நம் கட்டடம். ஒரு பக்கத்தில் புளோவர் என்று காற்றூதும் மெஷின் இருக்கும். அது ஊதிக்கொண்டிருக்கும்வரை துணி குவிமாடமாக உப்பி நிற்கும். அதைத்தான் டோம் என்போம். வாசலாக வைத்துத் தைத்த சிப்பை இழுத்துத் திறந்து உள்ளே போய், தரையில் வட்டமாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே படம் ஓடும். மனிதர்கள் விண்வெளிக்குப் போன கதை. ரொக்கெட் கிளம்புவது, மிதந்துகொண்டே சோறு தின்பது, சந்திரனில் இறங்குவது, குடை விரித்துக் கடலில் வந்து விழுவது என்று பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கிற படம். படத்தின் குரல் சிங்களத்தில் இருக்கும். தமிழ்ப் பிள்ளைகள் வரும் இடங்களில் அந்தக் குரலை அடக்கிவிட்டு நான் மைக்கில் தமிழில் சொல்லுவேன். அதுதான் என் உத்தியோகம். இருட்டில் பேசுகிறவன்.

‘குடும்பக் காட்சி’ என்று கொட்டை எழுத்தில் பெனர் கட்டுவோம். அதற்குள் தனி ஆளாகப் போய்த் தனி ஆளாக வெளியே வருகிறவன் நான் ஒருவன்தான். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு போர்டிங் அறை, ஒரு கேத்தல், ஒரு ரேடியோ. ஒரு கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்துவிட்டு, அலுத்துப்போய், இந்த வேலைக்கு வந்தவன். படம் ஓடும்போது பிள்ளைகள் பயந்தால் அம்மாவின் மடியில் சாய்வார்கள். அப்பாவின் காதில் ஏதோ கேட்பார்கள். நடுவில் புரொஜெக்டரோடு நான் உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் மேலே பார்க்கும்போது நான் மட்டும் லெப்டொப்பைப் பார்ப்பேன். இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தை நான் ஒரு தடவையாவது ஒழுங்காக அண்ணாந்து பார்த்திருக்கிறேனா என்று கேட்டால் இல்லை. காட்சி முடிந்து ஆட்கள் போன பிறகு, டோமுக்குள் மிஞ்சிய காற்றை வெளியேற்ற அந்தத் துணிமேல் படுத்து உருள வேண்டும். அதை நீங்களும் செய்யத்தான் போகிறீர்கள். கிழட்டு வயதில் ஒருவன் யாருமில்லாத மண்டபத்தில் தனியாக உருண்டுகொண்டிருப்பதைப் பார்த்து வாசலில் நின்று சிரித்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

படத்தில் ஒரு இடம் வரும். மூன்று பேர் சந்திரனுக்குப் போவார்கள். இரண்டு பேர் இறங்குவார்கள். மூன்றாவது ஆள் இறங்காமல் மேலேயே சுற்றிக்கொண்டிருப்பார். சந்திரனுக்குப் பின்பக்கம் போகும்போது அவருக்கு ரேடியோ சத்தம்கூடக் கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒரு பிள்ளை இந்த இடத்தில் கேட்டுவிடும்: “அவரு ஏன் எறங்கல்ல?” நான் ஏதாவது பகிடியாகச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். “அவருக்குக் காலில் செருப்பு இல்லை” என்பேன். பிள்ளைகள் சிரிக்கும். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது.

இந்தத் தொழிலை எனக்குச் சொல்லித்தந்தவர் என்னைவிட வயதில் மிகவும் இளையவர். நம் குழுவை நடத்தியவர் அவர்தான். கெட்டிக்காரர். அவர் தலையில் அடித்த மாதிரி இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். முதலாவது, புளோவரைப் பற்றி ஆட்களிடம் வாய் திறக்கக்கூடாது. “காத்துலதான் நிக்குதுன்னு தெரிஞ்சா ஆக்கள் வானத்தப் பாக்க மாட்டாங்க சேர். கூரையத்தான் பாப்பாங்க” என்பார். இரண்டாவது, கரண்ட் போனால் முதலில் புரொஜெக்டருக்கு மூடியைப் போட வேண்டும். பிறகு, ‘இதுவும் படத்தில் ஒரு பகுதி, அப்படியே உட்காருங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கரண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதறிப்போய் சிப்பைத் திறந்தால் காற்று போய் டோம் இன்னும் சீக்கிரம் இறங்கிவிடும்.

அவர் சொன்னது பிழை இல்லை. கடுகண்ணாவையில் ஒருமுறை அப்படித்தான் கரண்ட் போனது. துணி மெல்ல மெல்ல இறங்கித் தலையில் தொட்டது. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். குத்தி விளையாடினார்கள். காட்சி முடிந்து போகும்போது, ரொக்கெட்டைவிட அதுதான் நல்லாயிருந்தது என்று ஒரு பையன் என்னிடமே சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பெருமழைக்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. மலை சரிந்து, பாதைகள் அறுந்து, எங்கே பார்த்தாலும் சிவப்பு மண். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயமே, வரிசை வீடுகள் அத்தனையும், மண்ணுக்குள் போயிருந்தது. மிஞ்சிய குடும்பங்களை ஒரு தமிழ்ப் பாடசாலையில் தங்கவைத்திருந்தார்கள். பிள்ளைகள் பேயறைந்த மாதிரி இருக்கிறார்கள், வந்து ஒரு படம் காட்டுங்கள் என்று அந்தப் பாடசாலை டீச்சர் கேட்டிருந்தார். தலாத்துஓயாவால் ஏறி, பாதி வழியில் இறங்கி வேனைத் தள்ளி, ஒரு மாதிரி போய்ச் சேர்ந்தோம். வேன் ஓட்டியவர் மடவளைக்காரர், நாம் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர். உங்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். வாய் ஓயாமல் முறைப்பாடு சொல்லுவார், கை ஓயாமல் வேலை செய்வார்.

குடும்பங்கள் வகுப்பறைகளில் இருந்தன. சாப்பாடு கொடுக்கும் மண்டபம் பகலில் காலியாக இருந்தது. தகரக் கூரை, இடுப்பளவு சுவர். டோமை அங்கே விரிக்கத் தொடங்கியபோது டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும். தூக்கமில்லாத கண்கள்.

“சேர், அந்தா நெட்போல் கிரவுண்ட் ஓரமா நீலத் தார்ப்பாய் கட்டியிருக்குல்ல? அதுல இருக்கிறவரு யோகநாதன். சம்சாரமும் சின்ன மகனும் மண்ணுக்குள்ள போயிட்டாங்க. அவரும் மகளும் மட்டுந்தான் மிச்சம். அன்னையிலருந்து எந்தக் கூரைக்குக் கீழயும் வரமாட்டேங்கிறாரு. சோறு வாங்கக்கூட மண்டபத்துப் படியில நின்னுதான் வாங்குவாரு.”

“பிள்ளை?”

“அதான் சேர் பிரச்சின. தர்ஷினி அப்பாவோட கைய விடமாட்டா. அவரு வெளிய படுத்தா அவளும் வெளிய. இந்தக் குளிருல. அவளுக்கு ஏற்கெனவே இழுப்பு இருக்கு. டொக்டர் வந்து பார்த்துட்டு, இன்னும் ரெண்டு நாள் இப்படிப் பனியில கிடந்தா நெஞ்சு தாங்காதுன்னுட்டாரு. அவரு கிட்ட சொன்னா தலைய ஆட்டுறாரு. ஆனா உள்ள வர ஏலல்ல. கால் வரமாட்டேங்குது.” டீச்சர் தார்ப்பாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அந்தப் பிள்ளைக்கு இந்தப் படம் பாக்கணும்னு ஆச. அப்பா வந்தாத்தான் வருவா. நீங்க ஒரு வார்த்த பேசிப் பாருங்களேன்.”

நான் யாரிடம் என்ன பேச? வீட்டிலேயே பேச ஆளில்லாதவன். மைக் இருந்தால் பேசுவேன், இருட்டாக இருந்தால் பேசுவேன். பகல் வெளிச்சத்தில் ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

நான் போகத் தேவை இருக்கவில்லை. துணி விரிவதைப் பார்த்துப் பிள்ளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எட்டு ஒன்பது வயது. அவள் மூச்சு விடுவது பத்தடி தள்ளியே கேட்டது. மண்டபத்துப் படிக்கு வந்ததும் அப்பா நின்றுவிட்டார். ஒல்லியான மனிதர். முகத்தில் பத்துப் பதினைந்து நாள் தாடி. தகரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தரையில் கிடந்த நம் துணியைப் பார்த்தார்.

“சேர், இதுதான் கூரையா?”

“ஆமாங்க.”

“நிக்குமா?”

இங்கேதான், தம்பிமாரே, நீங்கள் கவனிக்க வேண்டியது. வாய்க்கு வந்தது, ‘நிக்கும், ஒண்ணும் ஆகாது, வாங்க.’ அதைத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நல்ல வார்த்தை. யாரும் மறுத்துப் பேசாத வார்த்தை. ஆனால் இந்த மனிதரின் லயத்துக் கூரையைப் பற்றியும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது.

“எப்பவும் நிக்காதுங்க” என்றேன். “அந்த மெஷின் ஊதுற வரைக்கும் நிக்கும். கரண்ட் போனா மெல்ல மெல்ல எறங்கும்.”

பின்னால் நானா தொண்டையைச் செருமினார். வருகிற ஆளையும் விரட்டுகிறேன் என்று அவருக்கு நினைப்பு.

“எறங்கினா?” என்றார் யோகநாதன்.

“வந்து தூக்கிப் பாருங்க.”

துணியின் ஓரத்தை இழுத்துப் படிவரைக்கும் கொண்டுபோனேன். அவர் குனிந்து ஒரு கையால் பிடித்தார். தூக்கினார். இன்னும் கொஞ்சம் இழுத்து, சுருட்டித் தோளில் போட்டுப் பார்த்தார். மூட்டை தூக்கிப் பழகிய மனிதர். பாரம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையும் ஒரு கையால் தூக்கிவிட்டு, “அப்பா, அம்மாட சாரி மாதிரி இருக்கு” என்றாள். துணியைக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் நின்றார். நான் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். எனக்கு அங்கே நிற்கக் கஷ்டமாக இருந்தது.

புளோவரைப் போட்டு, டோம் எழும்பி, ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள். நாற்பது பேர்வரை இருக்கும். கைப்பிள்ளைக்காரிகள், கிழவர்கள், எல்லோரும் அந்த மண்ணிலிருந்து தப்பிவந்தவர்கள். நான் வழக்கமான வரவேற்பு வார்த்தைகளைச் சொன்னேன். கரண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவரிடம் உண்மையைச் சொன்னவன், மற்றவர்களிடம் பழக்கதோஷத்தில் பழைய வாயையே திறந்தேன். சிப்பை மூடப் போகும்போது வாசலில் ஒரு நிழல். யோகநாதன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தகரத்துக்குக் கீழே நடந்து வந்திருந்தார். அவள்தான் வழி காட்டியிருக்கிறாள்.

வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இடது கையை எடுத்துத் துணிச் சுவரில் வைத்தார். படம் தொடங்கியது. ரொக்கெட் வெளிச்சத்தில் பார்த்தேன், கை அங்கேயே இருந்தது. மிதந்து சோறு தின்றபோது எல்லோரும் சிரித்தார்கள். கை அங்கேயே இருந்தது. ஆனால் அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் லெப்டொப்பைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம்.

சந்திரன் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். மூன்றாவது ஆள் தனியாகச் சுற்றத் தொடங்கினார். “இப்போது இவர் சந்திரனுக்குப் பின்னால் போகிறார். இவருக்கு யாருடைய குரலும் கேட்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“சேர்” என்று ஒரு சின்னக் குரல். தர்ஷினி. “அந்த ஆளு ஏன் எறங்கல்ல?”

பகிடிக்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் கரண்ட் போனது.

இருட்டு. அதைவிட மோசம், அமைதி. புளோவரின் இரைச்சல் இருக்கும்வரை யாரும் அதைக் கவனிப்பதில்லை, நின்றால்தான் தெரியும். அந்த அமைதியில் மேலே துணி ஒரு பெருமூச்சு விட்டது. ஒரு பெண் வீரிட்டுக் கத்தினாள்: “மண்ணு! மண்ணு வருது!”

அவ்வளவுதான். ஐயோ, அந்தச் சத்தம்! நாற்பது பேரும் எழும்பினார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அந்த ஒரே சிப்புப் பக்கம் தள்ளினார்கள். கைப்பிள்ளைகள் காலடியில். நான் ‘இதுவும் படத்தில் ஒரு பகுதி’ என்று சொல்லத் தொடங்கினேன் என்றால் நம்புவீர்களா? வாய் பழகிவிட்டது பாருங்கள். மைக் செத்துக்கிடந்தது. மைக் இல்லாமல் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் கை தானாகப் புரொஜெக்டர் மூடியைத் தேடியது. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன மடத்தனம் செய்கிறோம் என்று நினைத்தேன். மூடியை வீசிவிட்டு எழும்பினேன். ஆனால் என்ன செய்வது? சிப்பைத் திறந்தால் துணி இவர்கள்மேல் விழும். திறக்காவிட்டால் மிதிபட்டே சாவார்கள்.

“துணி!”

மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரல். டோமே அதிர்ந்தது.

“வெறும் துணிதான்! நான் தூக்கிப் பாத்தேன்! பாரமில்ல! ஆம்பளைங்க எல்லாம் கையத் தூக்குங்க! தூக்கிப் புடிங்க!”

லெப்டொப்பின் மங்கிய வெளிச்சம் மட்டும் இருந்தது. அதில் பார்த்தேன். யோகநாதன் இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, இறங்கிவந்த கூரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் திறந்திருந்தது. அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு மகள். “பாரமில்ல, பாரமில்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு கிழவர் கையைத் தூக்கினார். பிறகு இன்னொருவர். பிறகு பெண்களும். நானும் தூக்கினேன். தொட்டவுடன் ஒவ்வொருவருக்கும் விளங்கியது. கத்தல் குறைந்தது.

“நானா, சிப்பைத் திறங்க!” என்று கத்தினேன்.

வெளியே இருந்து நானா திறந்தார். பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. முதலில் கைப்பிள்ளைக்காரிகள், பிறகு பிள்ளைகள், பிறகு கிழவர்கள் என்று ஒவ்வொருவராகக் குனிந்து போனார்கள். துணி தொய்யத் தொய்ய, தாங்கிப் பிடித்த கைகளும் குறைந்தன. கடைசியில் நானும் யோகநாதனும் மகளும்தான். “போங்க, நான் புடிச்சிக்கிறேன்” என்றேன். “நீங்க போங்க சேர்” என்றார் அவர். ஒரு முழு நிமிஷம் இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு சேலைப் பாரத்துக்கு ‘நீ போ, நீ போ’ என்று நின்றோம். பிள்ளை சிரித்துவிட்டாள். சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தாள். அவர் மகளைப் பார்த்தார். அப்படியே குந்தி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். துணி எங்கள் மூன்று பேர் தலையிலும் இறங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வெளியே வந்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்தேன். டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். முகத்தில் கோபமா கவலையா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் என்மேல்தான். ஒரு ஆளிடம் சொன்னதை நாற்பது பேரிடமும் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? ஒரு நிமிஷம். தெரிந்த ஒருவர் எழும்பி நின்றார். தெரியாத மற்ற எல்லோரும் ஓடினார்கள். இதை நான் விளக்கத் தேவையில்லை. இன்றைக்கு நீங்கள் ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் ஆட்களைத் துணியைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறீர்களே, ‘இது யார் கொண்டுவந்த முறை, நேரம் வீணாகிறது’ என்று உங்களில் ஒருவர் என்னிடமே முறைப்பாடு சொன்னீர்களே, அது இங்கேதான் தொடங்கியது.

கரண்ட் அரைமணிக்கெல்லாம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சுருட்டுவோம் என்று எழும்பினேன். உருண்டு காற்றை எடுக்கப் படுத்தால், பக்கத்தில் இன்னொரு ஆள் உருள்கிறார். யோகநாதன். மறுபக்கம் தர்ஷினி. தகரத்துக்குக் கீழே இருக்கிறோம் என்பதை அவர் மறந்திருந்தாரா, நினைத்துக்கொண்டேதான் இருந்தாரா தெரியாது. மூன்று பேரும் உருண்டோம். இத்தனை வருஷத்தில் என்னோடு உருண்டவர்கள் அவர்கள் இருவரும்தான்.

பாதி உருட்டியதும் அவர் நின்றார்.

“சேர், ஒண்ணு கேட்டா கோவிப்பீங்களா?”

“கேளுங்க.”

“இத இன்னைக்கு ஒரு ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போக ஏலாதா?” தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “இதுக்குள்ள இருந்தா மேல உள்ள தகரம் தெரியல்ல. விழுந்தாலும் எனக்குத் தூக்க ஏலும். பிள்ளைக்குக் காத்து படாது.”

மறுநாள் காலை தெல்தெனியாவில் காட்சி. பிள்ளைகள் வந்து காத்திருப்பார்கள். டோம் ஒன்றுதான் இருந்தது. புளோவர் இரவு முழுக்க ஓட வேண்டும். அந்த மலையில் கரண்ட் வருவதும் போவதும் ஆண்டவன் விட்ட வழி. யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும். நம் குழுவை நடத்தியவருக்கு போன் எடுத்தேன். சொன்னேன். அவர் நியாயமாகத்தான் பேசினார்.

“சேர், டோமை விட்டுட்டு நீங்க மட்டும் வர ஏலாது. யாரு பொறுப்பு?”

“நானும் வரல்ல” என்றேன்.

பிறகு, “தெல்தெனியாவுக்கு நான் என்ன சொல்ல?” என்றார். “உள்ளதச் சொல்லுங்க” என்றேன். வைத்துவிட்டார். அதற்காக அவர் என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தெல்தெனியாப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. எப்போதும் ஒரு பக்கம் யாரோ ஏமாந்துதான் போகிறார்கள். எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், அதுவும் உடனே. அதற்கு யாரும் உங்களுக்குச் சட்டம் எழுதித் தரமாட்டார்கள்.

நானாவிடம் சொன்னபோது அவர் இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

“யா அல்லாஹ்! உங்களுக்கு என்ன மண்ட கழண்டு போச்சா சேர்? குளிர் எப்படி ஈக்கி பாருங்க. வேன்ல எப்படிப் படுக்கிற? கரண்ட் போனா என்ன செய்ற, செல்லுங்க பாப்பம்?”

திட்டிக்கொண்டே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்டிக்கே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தார். டவுனில் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் வாங்கிய ஜெனரேட்டர் பின்னால் இருந்தது. “சும்மா பார்த்துட்டு நிக்காம ஒரு கை புடிங்க” என்றார்.

டோமை மறுபடியும் எழுப்பினோம். டீச்சர் பாயும் போர்வையும் கொண்டுவந்தார். யோகநாதன் இந்த முறை கண்ணை மூடவில்லை. படியில் ஒரு கணம் நின்றார், தகரத்தைப் பார்த்தார், வேகமாக நடந்து டோமுக்குள் குனிந்துவிட்டார். மகளும் பின்னாலேயே. நான் புளோவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மண்டபத்தில் வேறு யாருமில்லை. வகுப்பறைகளிலிருந்து குடும்பங்களின் பேச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் எனக்குப் பழக்கமான நேரம். போர்டிங்கிலும் சுவருக்கு அந்தப்பக்கம் இப்படித்தான் கேட்கும்.

சிப் கொஞ்சம் திறந்தது. ஒரு சின்ன முகம்.

“மாமா, நீங்க உள்ள வரல்லியா? எடம் இருக்கு.”

“இல்ல பிள்ள. ஒரு ஆளு வெளிய இருக்கணும்.”

“ஏன்?”

“மெஷினப் பாக்கணும்ல. அது நின்னா உங்களுக்குக் கூர எறங்கிரும்.”

அவள் யோசித்தாள். மூச்சு இழுத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பகலைவிடக் குறைவு.

“அப்ப அந்த ஆளு எறங்காம இருந்ததும் அதுக்குத்தானா?”

எத்தனை பிள்ளைகளிடம் செருப்பு இல்லை என்று சொல்லியிருப்பேன்!

“ஆமா பிள்ள. அதுக்குத்தான்.”

“பாவம்” என்றாள். பிறகு, “ஆனா அவரு இல்லாட்டி மத்த ரெண்டு பேரும் வீட்டுக்கு வர ஏலாதுல்ல” என்று அவளே சொல்லிவிட்டு, சிப்பை மூடிக்கொண்டாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்து பல்ப் வெளிச்சத்தில் கறுப்புத் துணி தெரிந்தது. வாசலுக்குப் பக்கத்தில், உள்ளேயிருந்து யோகநாதன் கையை வைத்திருந்த இடம் வெளிப்பக்கம் புடைத்திருந்தது. ஐந்து விரலும் தெரிந்தது. கூரை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் இரண்டு தடவை கேட்டது, பிறகு கேட்கவில்லை. வகுப்பறைகளில் பேச்சு ஓய்ந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கை சரிந்து இறங்கியது. துணி தன் பாட்டுக்குச் சமமாகி நின்றது. நான் கதிரையைப் புளோவருக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.